சர்க்கரை என்சைம்ல ஒன்னை மட்டும் பிடிச்சு நிறுத்துறது எப்படி? ஸ்ட்ரக்சர் பாத்து இன்ஹிபிட்டர் தேடுறவங்களுக்கு முழு வழிகாட்டி

"அண்ணே, மைனஸ் 9.8 வந்துருக்கு பாருங்க"ன்னு ஒரு தம்பி போனை நீட்டினான், என்சைமைத் தடுக்கிற இன்ஹிபிட்டர் ஒன்னை டாக்கிங் பண்ணி, அதாவது கம்ப்யூட்டர்லயே என்சைமுக்குள்ள பொருத்திப் பாத்து, வந்த ஸ்கோர். பினாங்கு ரோடு பக்கம் ஒரு மாமாக் கடை, ராத்திரி பத்து மணி இருக்கும், கூவா சம்பூர் ஊத்துன சோறு பாதி தட்டுல கெடக்கு. போன்ல அமைலேஸ் என்சைம் சாம்பல் கலர்ல, அதோட பள்ளத்துல அவனோட காம்பவுண்ட் பச்சைக் கலர்ல அழகா உக்காந்துருக்கு. நல்லாத்தான் இருந்துச்சு. "இதே சரக்கை குடல்ல இருக்கிற மால்டேஸ்ல போட்டுப் பாத்தியா? லைசோசோம்ல இருக்கிறதுல?"ன்னு கேட்டேன். "அது எதுக்குண்ணே, நம்ம டார்கெட் அமைலேஸ்தானே"ன்னான்.

அந்த "எதுக்குண்ணே"வுக்கு அன்னைக்கு கடை மூடுற வரைக்கும் பேசியும் முடியல, அதான் இங்க எழுதுறேன். மாஸ்டர்ஸ், பிஎச்டி ஆரம்பிக்கிறவங்க, பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு "ஆன்டி டயாபெடிக்"னு டைட்டில் வாங்கிட்டு முழிக்கிறவங்க, எல்லாருக்கும் சேத்துத்தான்.

முதல்ல: யாரைத் தொடக்கூடாதுன்னு எழுதுங்க

கம்ப்யூட்டரைத் தொறக்காதீங்க, ஒரு பேப்பர் எடுங்க. அந்த நாசி கண்டார் சோறு வயித்துக்குள்ள என்ன ஆகுதுன்னு பாப்போம். எச்சில்ல ஒரு அமைலேஸ், கணையத்துல இருந்து வர்றது இன்னொரு அமைலேஸ், ரெண்டும் ஸ்டார்ச்சை நறுக்கி மால்டோஸ், மால்டோட்ரையோஸ், கொஞ்சம் கிளை உள்ள துண்டுன்னு ஆக்கிடும். அப்புறம் சிறுகுடல் சுவத்துல மால்டேஸ் குளூக்கோஅமைலேஸ், சுக்ரேஸ் ஐசோமால்டேஸ்னு ரெண்டு என்சைம் ஒட்டிக்கிட்டு நிக்கும், ஒவ்வொன்னுலயும் என் (N) பக்கம், சி (C) பக்கம்னு புரோட்டீனோட ரெண்டு நுனிப் பக்கமும் ஒவ்வொரு கத்தி, ஆக மொத்தம் நாலு. இந்த நாலும் சேந்துதான் கடைசி குளூக்கோஸை வெட்டி ரத்தத்துக்கு அனுப்புது.

நீரிழிவுக்குக் கொடுக்கிற அகார்போஸ் மாத்திரை கணைய அமைலேஸையும் பிடிக்கும், குடல் கத்திகளையும் பிடிக்கும். அதனால செரிக்காத மாவு அப்படியே பெருங்குடலுக்குப் போயிடும், அங்க இருக்கிற பாக்டீரியாவுக்கு தீபாவளி, நமக்கு வயிறு உப்பி ஊர்ல உள்ள காத்தெல்லாம் வெளிய வரும். இதனாலயே மாத்திரையை நிறுத்திட்டவங்க எங்க சொந்தத்துலயே உண்டு. மலேசியாவுல 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவங்கள்ல 15.6 விழுக்காடு பேருக்கு நீரிழிவு, ஆறு பேர்ல ஒருத்தர், அதுலயும் நம்மாளுங்கதான் மத்தவங்களை விட அதிகம். அதனால "ஒன்னை மட்டும் பிடிக்கிற மருந்து"ங்கிறது பேப்பர் போடுறதுக்கு மட்டும் உள்ள ஆசை இல்ல.

இப்ப தொடக்கூடாதவங்க. லைசோசோம்ல, அதாவது செல்லுக்குள்ள கழிவை ஒடைக்கிற பையில, ஆசிட் ஆல்பா குளூக்கோசிடேஸ்னு ஒன்னு இருக்கு, சுருக்கமா ஜிஏஏ (GAA). கிளைக்கோஜனை ஒடைக்கிறது அதோட வேலை, அது பிறவியிலயே குறைஞ்சவங்களுக்கு வர்றதுதான் பொம்ப்பே நோய், தசையும் இதயமும் பலவீனமாகும். இந்த ஜிஏஏ, நம்ம குடல் மால்டேஸோட கூடப்பிறந்தவன், ஒரே குடும்பம். எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல இருக்கிற குளூக்கோசிடேஸ் டூவும் அதே குடும்பம்தான். அகார்போஸ் எப்படித் தப்பிக்குதுன்னா, அது குடல்ல இருந்து ரத்தத்துக்கு அப்படியே போறது 2 விழுக்காட்டுக்கும் கம்மி. அதே வகை மாத்திரை மிக்ளிட்டால் அப்படி இல்ல, ரத்தத்துல ஏறிடும்.

பேப்பர்ல மூனு காலம் (column) போடுங்க: நிறுத்தணும், பட்டா பரவால்ல, தொடவே கூடாது. என்னைக் கேட்டா இந்த வழிகாட்டியில பாதி வேலை இந்த மூனாவது காலம்தான், அதுல ஒரு பேராவது இல்லாம டாக்கிங் பண்றது பூட்டு எதுன்னு பாக்காம சாவி செய்யுற கதை.

படி 1: குடும்பத்தை விசாரிங்க

நம்ம ஊர்ல பொண்ணு மாப்பிள்ளை பாத்தா குடும்பம் விசாரிப்போம்ல, அதே மாதிரி. காஸிங்கிற டேட்டாபேஸ்ல சர்க்கரை வெட்டுற என்சைம்களை அமினோ அமில வரிசையை வச்சு ஜிஎச்1, ஜிஎச்2ன்னு குடும்பமாப் பிரிச்சு வச்சுருக்காங்க, இந்த முறையை 1991ல பெர்னார் ஹென்ரிசாத் ஆரம்பிச்சார், இப்ப 180க்கு மேல குடும்பம் இருக்கு. கணைய அமைலேஸ் ஜிஎச்13. குடல் மால்டேஸ், சுக்ரேஸ், ஜிஏஏ எல்லாம் ஜிஎச்31.

வெட்டுற விதத்துலயும் ரெண்டு வகை உண்டு, கோஷ்லேண்ட் 1953லயே சொல்லிட்டார். சர்க்கரையோட ஆல்பா, பீட்டா திசை மாறாம வெட்டுறது ஒன்னு, திசையைத் திருப்பிப் போட்டு வெட்டுறது இன்னொன்னு. திசை மாத்தாததுல ரெண்டு கார்பாக்சில் ரெசிடூ (என்சைம்ல உள்ள அமினோ அமிலம்) கிட்டத்தட்ட 5.5 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவு நீளத்தை அளக்கிற அலகு) தள்ளி எதிரெதிரா நிக்கும், திருப்புறதுல நடுவுல ஒரு தண்ணி மாலிக்யூல் நுழையணும், அதனால இடைவெளி 10 ஆங்ஸ்ட்ராம் பக்கம் இருக்கும். நம்ம ரெண்டு குடும்பமும் திசை மாத்தாத வகை.

இங்கதான் நான் விழுந்தேன். மாஸ்டர்ஸ்ல ஏழு மாசம் முருங்கை இலைச் சாறு வச்சு "ஆல்பா குளூக்கோசிடேஸ்" டெஸ்ட் பண்ணேன், அகார்போஸை விட நூறு மடங்கு நல்லா வேலை செய்யுதுன்னு ரிசல்ட், லேப்ல எல்லாருக்கும் கரிபாப் வாங்கிக் கொடுத்தேன், போஸ்டர் கூட பிரிண்ட் ஆயிடுச்சு. பாட்டில்ல இருந்தது ஈஸ்ட்ல எடுத்த என்சைம். ஈஸ்ட்டோடது ஜிஎச்13, மனுஷக் குடல்ல இருக்கிறது ஜிஎச்31, பேரு ஒன்னு ஆள் வேற. ஈஸ்ட்டோடதுக்கு அகார்போஸே சரியா ஒட்டாது, அதனால அதுக்கு முன்னாடி எந்த இலைத்தழையை வச்சாலும் ஹீரோவாத்தான் தெரியும். அப்புறம் எலிக் குடல் பவுடர் வாங்கி அதுல இருந்து எடுத்த என்சைம்ல போட்டுப் பாத்தா என் சாறு ஒன்னுமே பண்ணல. "அகார்போஸை விட 100 மடங்கு"ன்னு எந்தப் பேப்பர்ல பாத்தாலும் இப்பல்லாம் நேரா மெத்தட்ஸ் பக்கத்துக்குத்தான் போவேன், என்சைம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்க.

படி 2: ஸ்ட்ரக்சரை இறக்கி பக்கத்துல பக்கத்துல வைங்க

புரோட்டீன் டேட்டா பேங்க்ல எல்லாம் ஓசிதான். ஒவ்வொரு ஸ்ட்ரக்சருக்கும் ஒரு கோடு உண்டு: மனுஷக் கணைய அமைலேஸுக்கு 1எச்என்ஒய் (1HNY), மால்டேஸோட என் பக்கம் அகார்போஸோட சேந்தது 2கியூஎம்ஜே (2QMJ), சி பக்கம் அகார்போஸோட 3டிஓபி (3TOP). ஜிஏஏவோடது 2017ல வந்துச்சு, மிக்ளிட்டால் உள்ள உக்காந்துருக்கிறது கூட இருக்கு, பேரைப் போட்டுத் தேடுனா கிடைக்கும்.

இறக்குனதும் மூனு விஷயம் பாருங்க. ரெசல்யூஷன் 2 ஆங்ஸ்ட்ராம் பக்கம் இருந்தா நல்லது, 3க்கு மேலன்னா சர்க்கரையோட ஓஎச் எந்தப் பக்கம் பாக்குதுன்னு அடிச்சு சொல்றது கஷ்டம். ரெண்டாவது, வேலிடேஷன் ரிப்போர்ட்ல லிகேண்ட் (பாக்கெட்ல ஒட்டியிருக்கிற மாலிக்யூல்) பகுதி. மூனாவது, எலெக்ட்ரான் டென்சிட்டி மேப்பை கூட் (Coot)ங்கிற சாப்ட்வேர்ல தொறந்து கண்ணால பாக்குறது. சர்க்கரை விஷயத்துல தப்பு ரொம்ப சகஜம், ஆல்பா குளூக்கோஸுக்கு ஜிஎல்சின்னு கோடு, பீட்டாவுக்கு பிஜிசி, மாத்திப் போட்டவங்க உண்டு, வளையத்தை நெளிச்சு வச்சவங்க உண்டு. பிரைவட்டீர்னு ஒரு சாப்ட்வேர் இதுக்குன்னே இருக்கு, ஓட்டிப் பாத்துருங்க.

கம்ப்யூட்டர் கணிச்சுக் கொடுக்கிற ஆல்பாபோல்டு மாடல் வச்சா போதாதான்னு கேப்பீங்க. கிறிஸ்டல் இல்லாத என்சைமுக்கு ஓகே, ஆனா உள்ள சர்க்கரை இல்லாம, தண்ணி இல்லாம, கால்சியம் இல்லாம வர்ற மாடல் அது, பாக்கெட் ஓரத்துல இருக்கிற லூப் தொறந்துருக்கா மூடிருக்கான்னு அதை நம்பி முடிவு பண்ணாதீங்க.

இப்ப முக்கியமான வேலை. ஸ்ட்ரக்சர் பாக்குற சாப்ட்வேர் பைமால்ல அகார்போஸைச் சுத்தி 5 ஆங்ஸ்ட்ராம்ல இருக்கிற ரெசிடூ எல்லாத்தையும் லிஸ்ட் எடுங்க, டார்கெட்டுக்கும் தொடக்கூடாததுக்கும் தனித்தனியா. ஒரு குடும்பம்னா ஒன்னு மேல ஒன்னு அலைன் பண்ணி எது ஒன்னு எது வேறன்னு கலர் பேனாவுல குறிங்க. அமைலேஸ்ல வெட்டுறது ஆஸ்பார்டேட் 197உம் குளூட்டமேட் 233உம், மால்டேஸ் என் பக்கத்துல ஆஸ்பார்டேட் 443, 542. வெட்டுப்படுற பிணைப்புக்கு உள்பக்கம் குளூக்கோஸ் உக்கார்ற இடத்துக்கு மைனஸ் 1னு பேரு, அந்தப் பக்கம் பிளஸ் 1, அங்க எல்லாரும் ஒரே குளூக்கோஸைத்தான் பிடிக்கிறாங்க, அதனால குடும்பத்துக்குள்ள அந்த இடம் கிட்டத்தட்ட ஜெராக்ஸ். அங்க மட்டும் நல்லா ஒட்டுற மாதிரி காம்பவுண்ட் செஞ்சா பலம் கிடைக்கும், ஆனா எல்லாரையும் அடிக்கும். டிஆக்ஸிநோஜிரிமைசின் வகை எல்லாம் இந்தக் கேஸ்தான், குளூக்கோஸ் வளையத்துல ஆக்சிஜன் இருக்கிற இடத்துல ஒரு நைட்ரஜன், எந்த குளூக்கோசிடேஸ் பாத்தாலும் "வாங்க வாங்க"ன்னு உள்ள விட்டுடும்.

வித்தியாசம் வெளிய இருக்கு, பிளஸ் 1, பிளஸ் 2, பிளஸ் 3னு பாக்கெட் வாய்ப் பக்கம். நம்ம மால்டேஸே சாட்சி. என் பக்கத்துல அகார்போஸ் ரெண்டு வளையம் அளவுக்குத்தான் ஒழுங்கா ஒட்டுது, மீதி வெளிய தொங்குது, கேஐ (Ki, எவ்ளோ கம்மியோ அவ்ளோ இறுக்கமா ஒட்டுதுன்னு அர்த்தம்) 62 மைக்ரோமோலார்னு போட்டுருக்காங்க. சி பக்கத்துல 21 அமினோ அமிலம் கூடுதலா நீண்டு வந்து இன்னும் ரெண்டு சர்க்கரைக்கு இடம் போட்டுக் கொடுக்குது, அதனால அதே அகார்போஸ் அங்க நானோமோலார் கணக்குல பிடிக்கும். ஒரே புரோட்டீனோட ரெண்டு பாதி, ஒரே மருந்து, இவ்ளோ தூரம். இந்த ரெண்டு பாக்கெட்டையும் ஒரு சாயங்காலம் பூரா திருப்பித் திருப்பிப் பாருங்க, பத்து ரிவ்யூ பேப்பர் படிக்கிறதை விட அதிகம் புரியும்.

இன்னொரு உதாரணம், நீரிழிவு இல்ல, ஆனா இதை விட சுத்தமா யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. ஓ-குளூக்நாக்கேஸ்னு ஒரு என்சைம், மூளைல அல்சைமர் நோய்ல திரள்ற டௌ புரோட்டீன் சம்பந்தமா அதை நிறுத்தணும்னு தேடினாங்க. அதே சர்க்கரையை வெட்டுற ஹெக்சோசமினிடேஸ் லைசோசோம்ல இருக்கு, அதைத் தொட்டா குழந்தைங்க நரம்பைக் கெடுக்கிற டே-சாக்ஸ் மாதிரி நோய்ல வர்ற சேதம் வரலாம். ரெண்டு பாக்கெட்டையும் பாத்தா, சர்க்கரையோட ரெண்டாவது கார்பன்ல தொங்குற அசிடமைடு உக்கார்ற குழி ஹெக்சோசமினிடேஸ்ல இறுக்கம், ஓ-குளூக்நாக்கேஸ்ல கொஞ்சம் தாராளம். அந்த இடத்துல வாலை நீட்டினா ஒருத்தனுக்கு மட்டும் இடிக்கும். அந்த வழியிலதான் தையாமெட்-ஜிங்கிற இன்ஹிபிட்டர் வந்துச்சு, 2008ல, ஹெக்சோசமினிடேஸை விட ஓ-குளூக்நாக்கேஸை 37,000 மடங்கு தேர்ந்து பிடிக்கும். இத்தனைக்கும் மனுஷ என்சைமோட ஸ்ட்ரக்சர் 2017லதான் வந்துச்சு, அதுவரைக்கும் பாக்டீரியாவோட சொந்தக்காரன் ஸ்ட்ரக்சரை வச்சே ஓட்டினாங்க.

படி 3: டாக்கிங், ஆனா அதுக்கு ரொம்ப மரியாதை கொடுக்காம

ஆட்டோடாக் வினா (AutoDock Vina)ங்கிற சாப்ட்வேர் போதும். முதல்ல கிறிஸ்டல்ல இருக்கிற அகார்போஸை வெளிய எடுத்துட்டு திரும்ப டாக் பண்ணுங்க, பழைய இடத்துக்கு 2 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள வரலன்னா உங்க செட்டிங்ல கோளாறு, புது காம்பவுண்டைப் போடவே போடாதீங்க. இமினோசர்க்கரைன்னா (மேல சொன்ன மாதிரி வளையத்துல நைட்ரஜன் இருக்கிறது) நைட்ரஜனுக்கு பிளஸ் சார்ஜ் இருக்கணும், ஆசிட் வேலை செய்யுற ரெசிடூவுக்கு ஹைட்ரஜன் போட்டுருக்கணும், சாப்ட்வேர் தானா செய்யும்னு விட்டா மாட்டிப்பீங்க. வினா வளையத்தை வளைக்காது, நீங்க கொடுத்த ஷேப்ல அப்படியே வைக்கும், ஆனா நெஜத்துல மைனஸ் 1ல உக்கார்ற சர்க்கரை நாற்காலி ஷேப்ல இருந்து நெளிஞ்சுதான் வெட்டுப்படுது, அதனால ரெண்டு மூனு வளைய ஷேப்ல தனித்தனியா போட்டுப் பாக்கணும்.

ஸ்கோர் மைனஸ் 9.8ன்னா என்னன்னு கேட்டா, பெரிய மாலிக்யூலுக்கு எப்பவுமே பெரிய நம்பர் வரும், அவ்ளோதான். அதே காம்பவுண்டை தொடக்கூடாததுலயும் போட்டு, ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு, எந்த வித்தியாசமான ரெசிடூவை அது தொடுதுன்னு சொல்ல முடிஞ்சா அந்த காம்பவுண்ட் வாங்க காசு செலவு பண்ணலாம்.

படி 4: ஈர லேப்

கணைய அமைலேஸுக்கு பபர்ல உப்பு கட்டாயம், குளோரைடு இல்லாம அது சோம்பேறி. கால்சியமும் வேணும், அதனால கால்சியத்தைப் பிடிச்சு இழுத்துக்கிற இடிடிஏ பக்கமே போகாதீங்க. குடல் என்சைமுக்கு பாரா நைட்ரோபீனைல் குளூக்கோசைடு, 37 டிகிரி, சோடியம் கார்பனேட் ஊத்தி நிறுத்தினா மஞ்சள் கலர், 405 நானோமீட்டர்ல படிக்கணும். இலைச்சாறே மஞ்சளா இருந்தா என்சைம் போடாத கிணறு (தட்டுல இருக்கிற குழி) ஒன்னு தனியா வைங்க, இதை மறந்துட்டு வர்றவங்க வருஷா வருஷம் ஒருத்தராவது இருக்காங்க. ஜிஏஏ அமிலத்துல வேலை செய்யுறது, பிஎச் 4 பக்கம்தான் டெஸ்ட் பண்ணணும், குடல் பிஎச்ல பண்ணிட்டு "ஜிஏஏவை ஒன்னும் பண்ணல"ன்னு எழுதிடாதீங்க.

பாலிபீனால் வச்சு வேலை செய்யுறவங்க, அதாவது நம்மாளுங்க முக்கால்வாசிப் பேரு, 0.01 விழுக்காடு டிரைட்டன் (சோப்பு மாதிரி ஒரு டிடர்ஜென்ட்) போட்டும் போடாமலும் ரெண்டு தடவை பண்ணுங்க. குவெர்செட்டின் மாதிரி சரக்கு தண்ணியில குட்டிக் குட்டி உருண்டையாத் திரண்டு கண்ட என்சைமையும் ஒட்டி இழுத்து வச்சுக்கும், டிரைட்டன் போட்டதும் இன்ஹிபிஷன் காணாமப் போனா அது இன்ஹிபிட்டரே இல்ல. ஐசி50 (என்சைம் வேலையைப் பாதியா நிறுத்துற அளவு) மட்டும் கொடுக்காதீங்க, அது சப்ஸ்ட்ரேட் எவ்ளோ போட்டீங்கங்கிறதைப் பொறுத்து மாறும், கேஐ எடுத்து தொடக்கூடாததோட கேஐயை டார்கெட்டோட கேஐயால வகுத்துப் போடுங்க, அந்த நம்பர்தான் தேர்வுத்திறன்.

தேர்வுத்திறன் நெஜ வாழ்க்கையில என்ன செய்யும்னா, பொம்ப்பே நோய் இருக்கான்னு காய்ஞ்ச ரத்தப் பொட்டுல ஜிஏஏவை அளக்கிறப்ப, வெள்ளை அணுவுல இருக்கிற மால்டேஸ் நடுவுல புகுந்து கணக்கைக் கெடுக்கும், அதை வாய மூட வைக்க அகார்போஸைத்தான் போடுறாங்க. அந்த அளவுல, அந்த அமில பிஎச்ல அது மால்டேஸை அடிச்சுட்டு ஜிஏஏவை விட்டுடுது. வயித்துல காத்து கிளப்புற மருந்து அங்க நல்ல பிள்ளை.

படி 5: கிறிஸ்டல்

டாக்கிங் படம் ஒரு ஊகம்தான், நெஜமா எப்படி உக்காந்துருக்குன்னு தெரிய கிறிஸ்டல் வேணும். புரோட்டீன் 10 மில்லிகிராம் பெர் மில்லிலிட்டர் பக்கம், 24 கிணறு தட்டு, தொங்குற சொட்டு. கிறிஸ்டல் வந்ததும் காம்பவுண்டை அதுலயே ஊற வைக்கலாம், பாக்கெட்டைப் பக்கத்து மாலிக்யூல் அடைச்சுக்கிட்டு இருந்தா ஆரம்பத்துலயே கலந்து வளக்கணும். மலேசியாவுல சின்க்ரோட்ரான் (கிறிஸ்டல்ல அடிக்க பலமான எக்ஸ்ரே தர்ற பெரிய மெஷின்) கிடையாது, திரவ நைட்ரஜன் டப்பாவுல அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பணும், டைம் கிடைக்கிறப்ப பாத்து ஒரு பிளேட் கிறிஸ்டல் எப்பவும் ரெடியா வச்சுக்குங்க.

இங்க ஒரு கண்ணி இருக்கு, கொஞ்சம் நிதானமாப் படிங்க. கிறிஸ்டலை உறைய வைக்க எல்லாரும் கிளிசரால் போடுவாங்க. கிளிசராலுக்கு மூனு ஓஎச், என்சைம் கண்ணுக்கு அது அரைச் சர்க்கரை மாதிரி, நேரா மைனஸ் 1ல போய் உக்காந்துக்கும். டிரிஸ் பபர் இன்னும் மோசம், மூனு ஓஎச்சோட ஒரு அமோனியம் வேற, பழைய கிளைக்கோசிடேஸ் ஸ்ட்ரக்சர் எத்தனையோல நடுப் பாக்கெட்ல டிரிஸ்தான் உக்காந்துருக்கு. எனக்கு ஒரு தடவை டென்சிட்டி மேப்ல பச்சை பச்சையா 3 சிக்மாவுல ஒரு திட்டு தெரிஞ்சுச்சு, காம்பவுண்டை அதுல பொருத்தி, ரெண்டு வாரம் ரிபைன் பண்ணி, சூப்பர்வைசர் கிட்ட காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பாத்துட்டு, "வளையம் ஒன்னுக்குத்தான் டென்சிட்டி இருக்கு, மீதி ரெண்டு வளையம் எங்க?"ன்னு கேட்டார். கிளிசராலும் ரெண்டு தண்ணியும் வரிசையா நின்னதுதான் எனக்கு வளையமாத் தெரிஞ்சுருக்கு. அதனால டிரிஸுக்குப் பதிலா ஹெப்பீஸ் பபர், கிளிசராலுக்குப் பதிலா எத்திலீன் கிளைக்கால் போடுங்க, அதுவும் காம்பவுண்ட் நிறைய கலந்து. அப்புறம் காம்பவுண்டே போடாத கிறிஸ்டல் ஒன்னை அதே மாதிரி உறைய வச்சு டேட்டா எடுத்து வைங்க, சந்தேகம் வந்தா ஒப்பிட்டுப் பாக்க.

படி 6: மேப்பைப் பாத்து திரும்ப வரைங்க

ஒட்டாத வளையம் எது, தண்ணி மாலிக்யூல் சும்மா நிக்கிற இடம் எது, அங்க என்ன நீட்டலாம்னு பாருங்க. காய்ச்சல் மருந்து சனாமிவிர் இப்படி வந்ததுதான், புளூ வைரஸோட நியூராமினிடேஸ் பாக்கெட்ல நாலாவது கார்பன் பக்கம் குளூட்டமேட் 119 இருக்கிறதைப் பாத்து அங்க ஓஎச்சை எடுத்துட்டு குவானிடின் வச்சாங்க, 1993ல வந்த வேலை.

ஆனா எல்லாமே வரைஞ்சு வராது. மாண்ட்பிரெட்டின் ஏ, கணைய அமைலேஸை மட்டும் 8 நானோமோலார்ல பிடிக்கிறது, கனடாவுல ஸ்டீபன் விதர்ஸ் குழு 30,000 இயற்கைச் சாறைச் சலிச்சுக் கண்டுபிடிச்சது, மாண்ட்பிரெட்டியாங்கிற பூச்செடியோட கிழங்குல இருந்து. ஸ்ட்ரக்சர் பாத்தா, ரெண்டு பீனால் வளையம் ஒன்னு மேல ஒன்னு அப்பளம் அடுக்குன மாதிரி தனக்குள்ளயே அடுக்கிக்கிட்டு, ஓஎச்சை மட்டும் நீட்டி அந்த 197, 233ஐப் பிடிச்சுருக்கு. குளூக்கோஸ் மாதிரி இருக்க அது முயற்சியே பண்ணல, அதனாலதான் மத்த கத்தி எதுவும் அதை ஏத்துக்கல. நம்ம சித்த வைத்தியத்துல சர்க்கரைக்குக் கொடுக்கிற பொன்கொரண்டி வேர்ல இருக்கிற சலாசினால், கோட்டலனால் ரெண்டும் வேற வழி, வளையத்துல கந்தகம் பிளஸ் சார்ஜோட. கோட்டலனால்ல தொங்குற சல்பேட்டை வெட்டி எடுத்ததும் மால்டேஸ் என் பக்கத்தை இன்னும் இறுக்கமாப் பிடிச்சுச்சு. பாட்டி கொடுத்த கஷாயம்னு சிரிக்கவும் வேணாம், பாட்டி கொடுத்ததுன்னு டெஸ்ட் பண்ணாம விடவும் வேணாம்.

அந்தத் தம்பி போன வாரம் வாட்ஸ்அப்ல வந்தான். "ணே, ஜிஏஏவுல போட்டுப் பாத்தேன். மைனஸ் 10.4." கூடவே அழுவுற மூஞ்சி நாலு. "படம் அனுப்பு, அஞ்சு ஆங்ஸ்ட்ராம் லிஸ்ட்டும் சேத்து"ன்னு போட்டேன். ரெண்டு ப்ளூ டிக் விழுந்துருக்கு, லிஸ்ட் இன்னும் வரல.